துளை போட வருகிறவர்களின் கணக்கும் நமது கணக்கும்



ஊரை விட்டு வந்து வேறிடத்தில் இருக்கும் நமக்கு, விட்டுவந்த காணியைப் பற்றிய சேதி பெரும்பாலும் பிறர் வாய்வழியாகவே வந்து சேர்கிறது. "உங்கட வளவுக்குள்ள ஆரோ குழாய் இறக்குறாங்க", "சின்னச் சின்னக் கொடியா நட்டிருக்காங்க", "மண்ணப் பையில கட்டி நம்பர் போட்டுக்கொண்டு போறாங்க" என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்டவுடன் மனம் பதறும். சிலர் காணி போய்விட்டது என்று தலையில் கை வைப்பார்கள். வேறு சிலர், நமது மண்ணுக்குக் கீழே பெருஞ்செல்வம் இருக்கிறதாம், இனிக் கஷ்டமில்லை என்று மகிழ்வார்கள். இந்த இரண்டு முடிவுகளும் அவசரமானவை.

துளை போடுவது ஒரு கணக்கெடுப்பு. நிலத்தின் கீழ் விற்கத்தக்க பொருள் எவ்வளவு இருக்கிறது என்று மதிப்பிடும் வேலை. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் எது சேர்கிறது, எது சேராமல் விடப்படுகிறது என்பதை நாம் அறிந்திருந்தால், பதறவும் வேண்டியதில்லை, ஏமாறவும் வேண்டியதில்லை. அதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நமது கரையில் என்ன இருக்கிறது?

கல்முனையிலிருந்து தெற்கே நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று பொத்துவில் வரை போகும் கரையில், கடல் அடித்த பின் சில இடங்களில் வெள்ளை மணலின் மேல் கறுப்புப் பட்டை படிந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சிறு வயதில் காந்தத்தை அதில் உருட்டி விளையாடியவர்களும் உண்டு. அந்தக் கறுப்பு மணலில் பெரும் பங்கு வகிப்பது இல்மனைட் என்னும் கனியம். அதிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள் பெயின்ற், கடதாசி, பற்பசை முதலியவற்றில் சேர்கிறது. இல்மனைட்டுடன் றூற்றைல், சிர்க்கோன், கானற் ஆகியவையும் கலந்து கிடப்பதுண்டு. சிர்க்கோன் தரையோடுகள் செய்வதற்கும், கானற் உராய்ந்து மெருகிடுவதற்கும் பயன்படுகின்றன.

இவ்வகை மணலில் நாட்டில் மிகவும் பெயர் பெற்றது திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கரை. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, அங்கே மணல் எடுக்கும் தொழில் தொடங்கியது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. அங்குள்ள மணல் மிகச் செறிவானது. நூறு பங்கில் எழுபது பங்களவு இல்மனைட் மட்டுமே என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். நமது மாவட்டத்தில் திருக்கோவில் கரையிலும் இம்மணல் உண்டு. 2018இல் அப்பகுதி மக்கள் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக வீதிக்கு இறங்கியதை மறந்திருக்க மாட்டோம். ஆகவே இது எங்கோ தூரத்து விடயமன்று.

வயலில் வெட்டிப் பார்ப்பது போல

நிலத்தடிக் கணக்கை விளங்கிக்கொள்ள நமக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு போகத்திலும் அறுவடைக் காலத்தில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்துக்காகப் பயிர் வெட்டிப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது. முழு வட்டையையும் அறுத்து நிறுப்பதில்லை. குலுக்கல் முறையில் சில வயல்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை அளந்து, கயிறு கட்டி, அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அடித்துத் தூற்றி நிறுக்கிறார்கள். அதிலிருந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கண்டு, விதைத்த பரப்பால் பெருக்குகிறார்கள். மாவட்டத்தின் முழு விளைச்சலும் இப்படித்தான் எண்ணாகிறது.

இதில் பிழை எங்கே வரும் என்று எந்த வட்டவிதானையாரைக் கேட்டாலும் சொல்வார். வாய்க்கால் ஓரத்துச் செழிப்பான இடத்தை மட்டும் வெட்டினால் கணக்கு ஏறிவிடும். உவர் பிடித்த மூலையை மட்டும் வெட்டினால் இறங்கிவிடும். இரண்டு துண்டை மட்டும் வெட்டிவிட்டு ஆயிரம் ஏக்கருக்குச் சொன்னால் அதை நம்ப முடியாது. ஈரத்துடன் நிறுத்தால் எடை பொய் சொல்லும்.

கனியக் கணக்கும் இதே போன்றதுதான். கயிறு கட்டிய துண்டுக்குப் பதிலாகத் துளை. கதிருக்குப் பதிலாக மண். வெட்டும் இடம் மேலே தெரிகிறது, துளை போடும் இடத்தின் அடி தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

நான்கு எண்கள்

மணற்கரையில் கனியம் எவ்வளவு என்று கூற நான்கு எண்கள் போதும். பரப்பு, ஆழம், ஒரு கன மீற்றர் மணலின் எடை, அந்த மணலில் பாரக் கனியம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பவையே அவை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது விளங்கிக்கொள்வதற்காக நாம் எடுத்த கணக்கு. எந்தக் குறிப்பிட்ட காணியையும் சேர்ந்ததல்ல.

நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு. அது ஒரு ஹெக்ரயர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். கனியம் கலந்த மணல் 3 மீற்றர் ஆழம் வரை உண்டென்று வைத்துக்கொள்வோம். 100 × 100 × 3 என்றால் 30,000 கன மீற்றர். ஒரு கன மீற்றர் 1.7 தொன் என்றால் மொத்தம் 51,000 தொன் மணல். அதில் நூற்றுக்கு 5 பங்கு பாரக் கனியம் என்றால் 2,550 தொன்.

இப்போது, ஆழம் 3 மீற்றர் அல்ல 2 மீற்றர்தான், பங்கு 5 அல்ல 4தான் என்று வைத்து மீண்டும் பெருக்குங்கள். 34,000 தொன் மணல், 1,360 தொன் கனியம். ஆழத்தில் ஒரு மீற்றரும் பங்கில் ஒன்றும் குறைந்ததுமே விடை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பெரிய எண்ணைக் கேட்டு மலைக்கும் முன், "எத்தனை துளை? எவ்வளவு ஆழம்? துளைக்குத் துளை எவ்வளவு தூரம்?" என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

துளையிலிருந்து வரும் மண்ணை ஆழத்துக்கு ஆழம் பிரித்துப் பைகளில் கட்டி இலக்கமிடுகிறார்கள். மேல் மீற்றரில் செறிவாக இருப்பது கீழே இல்லாமற் போகலாம் அல்லவா? பின்னர் ஆய்வுகூடத்தில் சேற்றைக் கழுவி, உலர்த்தி, மணலைப் பாரமான ஒரு திரவத்தில் இடுகிறார்கள். சாதாரண வெள்ளை மணல் மிதக்கிறது, பாரக் கனியம் தாழ்கிறது. தாழ்ந்ததை எடுத்து நிறுக்கிறார்கள். நமது வீட்டுப் பெண்கள் அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கும்போது நடப்பதும் இதுதான். அரிசி நீரோடு போகும், கல் சட்டியின் வரியில் தங்கிவிடும். பாரம் கூடியது கீழே, குறைந்தது மேலே என்ற ஒரே விதி இரண்டிலும் வேலை செய்கிறது. அதன் பின் காந்தத்தால் இல்மனைட்டைப் பிரிக்கிறார்கள்.

நிற்கும் கதிரும் வீடு வரும் மூடையும்

எல்லா எண்ணும் ஒரே உறுதி உடையவை அல்ல. உலகெங்கும் கனியக் கணக்குக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் 1989இல் இத்தகைய விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. அதன்படி, துளைகள் ஐதாக, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தால் அது ஊகித்த வளம். துளைகள் நெருங்கி, இடைப்பட்ட நிலத்தைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தால் சுட்டிய வளம். மிக நெருங்கிய துளைகளால் நன்கு நிறுவப்பட்டால் அளந்த வளம். பத்திரிகையில் வரும் பெரிய எண் பெரும்பாலும் இவை மூன்றையும் கூட்டிய தொகையாக இருக்கும். அதில் எத்தனை பங்கு வெறும் ஊகம் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வளம் வேறு, எடுக்கத்தக்க இருப்பு வேறு. வயலில் நிற்கும் கதிரைப் பார்த்து ஏக்கருக்கு நாற்பது மூடை என்று நாம் மதிப்பிடலாம். ஆனால் யானை மிதித்தது போக, வெட்டுக்கூலி, மெசின் கூலி, உரக்கடன் கழிந்து வீட்டுக்கு வருவது எத்தனை மூடை? கனியத்திலும் அப்படியே. கிடங்கு வெட்டும் செலவு, கழுவும் நீர், வீதி, துறைமுகம், அனுமதி, சுற்றாடல் நிபந்தனை, மக்களின் சம்மதம் ஆகிய யாவற்றையும் கணக்கில் எடுத்த பின் எஞ்சுவதே இருப்பு. இவ்வளவு கோடி தொன் வளம் என்று சொல்லப்பட்டதை, இவ்வளவு கோடி ரூபா பணம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தங்கக் கிடங்கில் கற்றது

கணக்கு எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதைத் தங்கம் நமக்குக் கற்றுத் தருகிறது. மணலில் கனியத்தை நூற்றுக்கு இத்தனை என்கிறோம். திறந்த கிடங்குத் தங்கச் சுரங்கங்களில் ஒரு தொன் பாறைக்கு ஒன்று, இரண்டு கிராம் என்ற அளவிலேயே பேசுகிறார்கள். ஒரு தொன்னில் ஒரு கிராம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ நாற்பது நெல்மணியின் எடை. அந்தப் பாறையை அடைய, மேலேயுள்ள வெறும் பாறையைப் பல மடங்கு அகற்றவும் வேண்டும். ஆகவே ஒரு துளையில் தற்செயலாக ஒரு தங்கத் துணுக்கு அகப்பட்டுவிட்டால், அதை வைத்து முழு மலையும் தங்கம் என்று கணக்குக் காட்ட முடியும். நேர்மையானவர்கள் அத்தகைய எண்ணை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாமல் வெட்டிவிட்டே சராசரி எடுப்பார்கள்.

நேர்மை இல்லாவிட்டால் என்ன நடக்கும்? இந்தோனேசியாவின் போர்னியோக் காட்டில் பூசாங் என்ற இடத்தில் கனடாவின் பிறீ-எக்ஸ் கம்பனி துளை போட்டது. ஆண்டுக்கு ஆண்டு அவர்களின் கணக்கு ஏறியது. 1997 தொடக்கத்தில் 7 கோடி அவுன்ஸ் தங்கம், அதாவது 2,000 தொன்னுக்கு மேல் உண்டு என்றார்கள். உலகெங்குமிருந்து மக்கள் தமது சேமிப்பை அதன் பங்குகளில் போட்டார்கள். பங்குகளின் மொத்தப் பெறுமதி 600 கோடி கனேடிய டொலர் வரை உயர்ந்தது. பிறகு கூட்டுச் சேர வந்த வேறொரு கம்பனி, அதே துளைகளுக்கு அருகில் தானும் துளை போட்டுப் பார்த்தது. தங்கம் இல்லை என்று கூறுமளவுக்கே இருந்தது. இடித்த பாறைத் தூளில் எவரோ தங்கப் பொடியைக் கலந்திருந்தார்கள். அந்தப் பொடியின் மணிகள் ஆற்றில் உருண்டு வந்த தங்கம் போல உருண்டையாக இருந்தன. 1997 மே மாதத்தில் சுயாதீன ஆய்வாளர்களின் அறிக்கை இதை உறுதி செய்தது. கம்பனி வீழ்ந்தது, சேமிப்பும் போனது.

இதில் நாம் மனத்தில் வைக்க வேண்டிய ஒரு சிறு விடயம் உண்டு. துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மறு பாதியைப் பிற்காலத்தில் சரிபார்க்கப் பாதுகாப்பதே வழக்கம். பூசாங்கில் முழுத் தண்டையும் இடித்துவிட்டார்கள். சரிபார்க்க மறு பாதி இருக்கவில்லை. கணக்குக் கொடுப்பவர் மறு பாதியை வைத்திருக்கிறாரா என்பதே அவரின் நேர்மைக்கு உரைகல்.

விலை ஏறினால் வளமும் ஏறும்

இன்னொரு முக்கியமான செய்தி. விளைச்சல் மிகவும் குறைந்த மூலையை வெட்டுக்கூலி கட்டாது என்று சில வேளை அறுக்காமல் விட்டுவிடுகிறோம். நெல் விலை கூடினால் அதையும் அறுப்போம். கனியத்திலும் இவ்வளவு பங்குக்குக் குறைந்தால் எடுக்கக் கட்டாது என்று ஒரு வெட்டெல்லை வைத்தே கணக்கிடுகிறார்கள். சந்தையில் விலை ஏறினால் அந்த எல்லை இறங்கும். எல்லை இறங்கினால் நேற்றுக் கழிவென்று விட்ட நிலம் இன்று வளமாகிவிடும். மண்ணில் ஒரு மணியும் கூடவில்லை, ஆனால் கணக்கில் தொன் கூடிவிட்டது.

இந்தியாவின் கோலார் தங்க வயல் இதற்குச் சாட்சி. 1880 முதல் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழம் வரை இறங்கி உழைத்த சுரங்கம் அது. பாறையில் தங்கத்தின் அளவு குறைந்து, செலவு கட்டாமற் போனதால் 2001இல் மூடப்பட்டது. அன்று ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டொலருக்கும் குறைவு. 2025இல் அது 4,000 டொலரைத் தாண்டியது. சுரங்கத்தைச் சுற்றி மலைபோல் குவிந்த கழிவு மண்ணை மீண்டும் அள்ளித் தங்கம் எடுக்கும் திட்டங்கள் இப்போது பேசப்படுகின்றன. அன்று வேலை இழந்தவர்களின் வீடுகள் அந்த மேடுகளின் அருகிலேயே இருக்கின்றன.

ஆகவே, "முன்னர் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விட்டார்கள், இனி வரமாட்டார்கள்" என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. விலை மாறினால் வருவார்கள்.

கணக்கில் சேராதவை

மன்னார்த் தீவைப் பாருங்கள். அங்கே துளை போட்ட அவுஸ்திரேலியாவின் டைட்டானியம் சாண்ட்ஸ் கம்பனி 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஏறத்தாழ 26 கோடி 50 இலட்சம் தொன் மணலும், அதில் சராசரி நூற்றுக்கு 4.38 பங்கு பாரக் கனியமும் காட்டப்பட்டன. பெருக்கினால் சுமார் 1 கோடி 16 இலட்சம் தொன் கனியம். எண் பெரிதுதான். ஆனால் மறுபுறமாகப் பாருங்கள். ஒவ்வொரு நூறு தொன்னிலும் தொண்ணூற்றைந்துக்கு மேல் சாதாரண மணல். நாலு தொன்னுக்காக நூறு தொன்னையும் கிளற வேண்டும். அந்தச் சாதாரண மணலுக்குக் கம்பனியின் ஏட்டில் பெறுமதி இல்லை. நமக்கோ அந்த மணல்தான் எல்லாம். தென்னை நிற்பதும், கச்சான் விளைவதும், கிணற்றில் நல்ல தண்ணீர் தேங்குவதும் அதில்தான்.

கடற்கரைக் கிணற்றைப் பற்றி ஒரு சொல். நமது மணலின் கீழ் மழைநீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் தாங்கி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. அப்படியானால் மேலே ஓரடி நீர் இறங்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறி வரும் என்று எண்ணிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த பின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கிணறுகள் உவரானதையும், அவை தெளியக் காலம் எடுத்ததையும் அனுபவித்தவர்கள் நாம்.

கரையும் அசையாப் பொருளன்று. மணல் எப்போதும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. புல்மோட்டையில் எடுத்த கறுப்பு மணலை வாடைக் காற்றுக் காலத்துக் கடல் ஓரளவு மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதும் அதனால்தான். அந்த நகர்வை ஓரிடத்தில் மறித்தால் இன்னோரிடத்தில் கடல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கி, 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வடக்குப் பக்கத்தில் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும், வள்ளம் இழுக்கும் இடங்களையும் கொண்டுபோனதை நாம் கண்ணால் கண்டோம். அகழ்வு வேறு, துறைமுகம் வேறு என்பது உண்மை. ஆனால் கரையில் பெரிய வேலை ஒன்று தொடங்குமுன், மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்ற கணக்கையும் கேட்க வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

சட்டம் என்ன சொல்கிறது?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி நிலத்தின் கீழுள்ள கனியம் அரசுக்குரியது. உறுதி நமது பெயரில் இருந்தாலும் கனியம் நமதல்ல. இதைக் கேட்டுச் சிலர், அப்படியானால் காணியும் நமதல்லவா என்று சோர்ந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. மண்ணின் மேல் நமக்குள்ள உரிமை வேறாக நிற்கிறது. தேடுவதற்கு ஓர் அனுமதிப்பத்திரம், அகழ்வதற்கு வேறோர் அனுமதிப்பத்திரம். இவற்றைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம். துளை போட அனுமதி கிடைத்ததால் அகழ அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை.

கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தில் இத்தகைய வேலை செய்ய 1981ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்க் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஒரு திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவை என்று தீர்மானிக்கப்பட்டால், அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதைப் படித்துக் கருத்து எழுதிக் கொடுக்க 30 நாள் உண்டு. முப்பது நாள் என்பது, அகதி வாழ்வில் ஊருக்கு ஒரு முறை போய்வரவே போதாத காலம். எனவே அறிவித்தல் வருமுன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த அரச நிறுவனத்திடமும் எழுத்தில் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். எந்தக் காணியில் யாருக்கு அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேட்க இது போதுமானது.

நமது கணக்கை நாமே எழுதுவோம்

துளை போடுகிறவர்களின் ஏட்டில் தொன் மட்டுமே இருக்கும். ஆட்கள் இல்லாத காணி அவர்களின் வரைபடத்தில் வெறும் பரப்பாகவே தெரியும். 1990இல் ஓடியவர்களின் வளவில் இன்று பற்றை மண்டியிருக்கலாம், 2004இல் கடல் கொண்ட வீட்டின் அத்திவாரம் மட்டும் எஞ்சியிருக்கலாம். அது எவருக்கும் சொந்தமில்லாத இடம் என்று எழுதப்படாமல் இருக்க வேண்டுமானால், நமது கணக்கு நமது கையில் இருக்க வேண்டும். ஒரு பயிற்சிக் கொப்பி போதும்.

முதலாவது, காணியின் எல்லை. வடக்கே யார், தெற்கே யார், கிழக்கே எது, மேற்கே எது என்று எழுதுங்கள். உறுதி, உத்தரவுப்பத்திரம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, பழைய வாக்காளர் இடாப்பு, கமநல சேவை நிலையத்துப் பதிவு, எது கையில் இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். எதுவும் இல்லாதவர்கள் எல்லைக்காரர் இருவரைக் கொண்டு எழுத்தில் சாட்சி எடுத்துக் கிராம உத்தியோகத்தரிடம் ஒப்படையுங்கள். எல்லைக்காரர் தமிழரா முஸ்லிமா என்று பார்க்க வேண்டாம். காலங்காலமாக அடுத்தடுத்து வேளாண்மை செய்தவர்களே ஒருவருக்கொருவர் உறுதியான சாட்சி.

இரண்டாவது, காணியில் இருந்ததும் இருப்பதும். தென்னை எத்தனை, காய்ப்பது எத்தனை, கிணறு எங்கே, அதன் ஆழம் என்ன என்று எழுதுங்கள். மாரியில் நீர் எந்த வளையம் வரை நிற்கிறது, கோடையில் எந்த வளையத்துக்கு இறங்குகிறது என்பதைத் திகதியுடன் குறியுங்கள். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து வாருங்கள். பின்னர் நீர் இறங்கிவிட்டது என்று சொல்ல நேர்ந்தால், இந்தக் கொப்பியே நமது மறு பாதி.

மூன்றாவது, ஊருக்குப் பொதுவானவை. மையவாடி, பள்ளிவாசல், கோவில், தோணா, மாடு போகும் பாதை, கரைவலை இழுக்கும் துறை ஆகியவற்றை ஊரார் கூடியிருந்து ஒரு பெரிய தாளில் வரையுங்கள். இந்த வேலைக்கு முதியவர்களை முன்னே அழையுங்கள். அவர்களுக்குப் பின் இதைச் சொல்ல ஆளில்லை.

நான்காவது, துளை போட வருபவரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுவீர்களா? அதன் இலக்கமும் திகதியும் என்ன? எத்தனை துளை, எவ்வளவு ஆழம்? துளையை எப்போது மூடுவீர்கள்? எடுத்த மண்ணில் ஒரு பகுதியைப் பிற்காலச் சரிபார்ப்புக்கு வைப்பீர்களா? முடிவைத் தமிழில் எங்களுக்குத் தருவீர்களா? பதில் வாயால் வந்தாலும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்திட வேண்டாம். வரவுத் தாள் என்று சொன்னாலும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கொண்டு வாசித்துப் பாருங்கள்.

அகழ்வு வேண்டுமா வேண்டாமா என்பதைக் காணியின் சொந்தக்காரரும் ஊராரும் கூடித் தீர்மானிக்க வேண்டும். அதை நாம் இங்கே சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் நிறுத்த எடையும் மறு பக்கத்தில் வெறுங்கையும் இருந்தால் தராசு சரியாக நிற்காது. அவர்கள் மண்ணை நிறுத்துக்கொண்டு வருவார்கள். நாமும் நமது கிணற்றையும் தென்னையையும் எல்லையையும் அளந்து வைத்துக்கொண்டு எதிரே உட்காருவோம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கயிறும் கல்லும் கொப்பியும் மறக்க வேண்டாம்.